லெக்சிங்டன் சீட்டு

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை கணவனின் காரில் அகப்பட்ட சீட்டைப் பற்றி கோரா ஹெட்டிங்கர் நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லை. முன் இருக்கைக்கு அடியில் கிடந்தது. படித்துவிட்டு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். லெக்சிங்டனில் ஓர் எக்ஸ்ரே மையம். ஜனவரி பதினான்கு, காலை ஏழு மணி. ஜே.பி. என்று இரண்டு எழுத்து. கீழே கணவன் நீலின் கையெழுத்து. எந்த உறுப்பு என்று போடவில்லை.

நீல், லூயிவில் ஸ்டீமர்ஸ் கூடைப்பந்து அணியின் மருத்துவன். கோரா அதே அணியின் பொது மேலாளர். ஜே.பி. என்ற எழுத்துகளுக்குப் பொருந்தும் ஆட்டக்காரன் ஒருவன்தான். ஜோனா பெட்டிஸ். வயது இருபது. மிசிசிப்பிக்காரன். இரண்டு வருடம் முன்னால் புதுமுகத் தேர்வில் கோரா அவனை எடுத்தபோது, இந்த ஒல்லிப் பையனை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அரங்கத்திலேயே எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது. எழுபது மைல் தள்ளி லெக்சிங்டனுக்கு ஏன் போக வேண்டும்? அணியின் மருத்துவக் கோப்பில் அந்தத் தேதிக்கு நேராக ஏன் ஒன்றுமே இல்லை?

இன்று வியாழன். வீரர்களைக் கைமாற்ற இந்த சீசனின் கடைசி நாள். பிற்பகல் மூன்று மணியோடு கதவு அடைபடும். செயின்ட் லூயிஸ் அணி ஜோனாவைக் கேட்கிறது. பதிலுக்குக் கெண்ட்ரிக் ஓல்ட்ஹாமைக் கொடுக்கிறது. முப்பத்திரண்டு வயது. தூரத்திலிருந்து எறிந்தாலும் தவறாத கை. அணியின் உரிமையாளரான அப்பாவுக்கு ஓல்ட்ஹாம் வேண்டும். பயிற்சியாளரான அண்ணன் ரஸ்ஸுக்கும் அவன்தான் வேண்டும். சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃபை ஸ்டீமர்ஸ் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

கோராவுக்கு மட்டும் ஜோனா வேண்டும். சீட்டைப் பார்த்த பிறகு அதுவும் நிச்சயமில்லை.

காலை எட்டரைக்கு செயின்ட் லூயிஸின் மேலாளர் வான்ஸ் ட்ராபர்ட் கூப்பிட்டான்.

“தூங்கினியா கோரா?”

“விஷயத்துக்கு வா.”

“ஓல்ட்ஹாமோட இன்னொண்ணும் சேர்த்துத் தர்றேன். அடுத்த வருஷப் புதுமுகத் தேர்வுல எங்க முதல் சுற்று இடம். எங்களுக்குப் பதிலா நீ ஆள் எடுத்துக்கலாம். அது உனக்கு.”

கோரா பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் கேக்கவே இல்லையே.”

“எனக்கு மனசு பெருசு.”

“உன்னைப் பத்து வருஷமாத் தெரியும் வான்ஸ். ஒரு பழைய மசாஜ் மேசைக்கு மூணு நாள் பேரம் பேசின ஆளு நீ.”

ட்ராபர்ட் சிரித்தான். சிரிப்பு சற்று நீளமாக இருந்தது.

“மூணு மணி வரைக்கும்தான் மனசு பெருசு,” என்று வைத்துவிட்டான்.

கேட்காமலே ஒருவன் விலை ஏற்றினால் அவனுக்கு ஏதோ தெரியும். இந்தத் தொழிலில் அது முதல் பாடம். ஜோனாவுக்கு ஏதாவது காயம் இருந்து, அது ட்ராபர்ட்டுக்குத் தெரிந்திருந்தால், விலையை இறக்கியிருப்பான். ஏற்றியிருக்கிறான். அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்தது வேறு. இல்லாவிட்டால், லெக்சிங்டன் விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டில் எது என்று அவளுக்குப் புரியவில்லை.

பத்து மணிக்குப் பயிற்சி. மாலை ஏழு மணிக்கு சொந்த மண்ணில் ஆட்டம் இருந்தது. கோரா மேல் படியில் நின்று பார்த்தாள்.

கைமாற்று நாளில் ரஸ் எல்லாருடைய போனையும் வாங்கித் துண்டுக் கூடையில் போட்டுவிடுவான். அன்றைக்கு யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது. தோளில் தட்டக்கூடாது. அலமாரியைக் காலி செய்யக்கூடாது. இதெல்லாம் யாரும் எழுதிவைத்ததில்லை. ஆனால் மீறுவதற்கு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

“நான் இன்னைக்குப் பால்கூட வாங்கல,” என்றான் டெக்ஸ்டர். ஒன்பது வருடத்தில் ஐந்து அணிக்குக் கைமாறிய ஆட்டக்காரன். “போன தடவை ரெண்டு கேன் வாங்கி ஃபிரிட்ஜ்ல வெச்சேன். அது இன்னும் டல்சாவுலயே இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜோனா சிரிக்கவில்லை. முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றான். கொஞ்ச நாளாகவே எப்போதும் அப்படித்தான் நிற்கிறான். நின்றால் குனிவான். இல்லாவிட்டால் சுவரில் சாய்வான்.

பயிற்சி முடிந்து போகும்போது ஒருமுறை மேலே பார்த்தான். கோராவைக் கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டான். சிகிச்சை அறையின் வாசலிலும் அந்தத் தலை நிமிரவில்லை.

குற்றமுள்ளவன் நடை, என்று நினைத்தாள்.

ரஸ்ஸின் அறையில் நாற்காலி ஒன்றுதான். வருகிறவர்கள் நிற்க வேண்டும். கோரா மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வித்துடுடி,” என்றான் ரஸ். அவள் வாயைத் திறப்பதற்குள்.

“காலையில வணக்கம் சொல்ற வழக்கம் எல்லாம் போயாச்சா?”

“வணக்கம். வித்துடு.”

“பதினோரு ஆட்டமா அவனை உக்கார வெச்சிருக்க. ஏன்?”

“இடிச்சா பயப்படறான். தடுக்கத் தெரியல.”

“நவம்பர்ல தெரிஞ்சுது.”

“நவம்பர்ல எதிர் டீமுக்கு அவனைத் தெரியாது.”

ரஸ் பலகையில் ஏதோ வட்டம் போட்டான். அழித்தான். கோரா அவன் முதுகைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடமாகத் தெரிந்த முதுகு. பொய் சொல்லும்போது எதையாவது அழித்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

“வான்ஸ் இன்னைக்குக் காலையில விலை ஏத்திட்டான்,” என்றாள்.

ரஸ்ஸின் கை நின்றது.

“எவ்வளவு?”

“முதல் சுற்று இடம் ஒண்ணு.”

“அப்புறம் என்ன யோசனை? பெஞ்சுல உக்காந்திருக்கிற பையனுக்கு ஓல்ட்ஹாம், அதுக்கு மேல ஒரு இடம். முட்டாளைத் தவிர வேற யாரு தருவா?”

“வான்ஸ் முட்டாள் இல்ல.”

“இன்னைக்கு முட்டாளா இருக்கான். மூணு மணிக்கு மேல இருக்கமாட்டான்.” திரும்பினான். “அப்பாவுக்கு எழுபத்தாறு வயசாச்சு. இந்த வருஷமாவது பிளேஆஃப் பாக்கணும்னு ஆசைப்படறார்.”

“அவரை இதுல இழுக்காதே.”

“உன் கர்வத்துக்காக அவரைக் காக்க வைக்காதே. அவனை நீ எடுத்தே. அதனாலயே அவன் பெரிய ஆளா வரணும்னு எந்தச் சட்டமும் இல்ல.”

அது சுட்டது. உண்மை கொஞ்சம் இருந்ததால் சுட்டது.

கதவருகே நின்றாள். “ஜோனா உடம்புல ஏதாவது கோளாறா ரஸ்?”

“அதுக்கு நீ டாக்டரையில்ல கட்டியிருக்க? அவன்கிட்ட கேளு.”

பன்னிரண்டு மணிக்கு நீலைச் சரக்கு இறக்கும் மேடைக்கு வரச் சொன்னாள். அங்கே கேமரா இல்லை. ஆற்றுக்காற்று ஊசியாகக் குத்தியது. நீல் கோட்டு போடாமல் வந்தான். கையில் பாதி தின்ற ஹாம் பிஸ்கட், பன்றியிறைச்சி வைத்த சின்ன ரொட்டி.

“என்ன, இங்க? காதலா?”

“லெக்சிங்டன்ல ஜோனாவுக்கு என்ன எடுத்தே?”

மெல்லுவதை நிறுத்தினான். அவ்வளவுதான். முகம் மாறவில்லை. பதினான்கு வருட வாழ்க்கையில் அந்த முகம் மாறி அவள் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் அதைத்தான் நம்பினாள்.

“காரைத் தேடினியா?”

“கண்ணாடி விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சேன். பதில் சொல்லு.”

“என்கிட்ட வர்றவங்க விஷயத்தை நான் சொல்ல முடியாது.”

“அவன் இந்த டீமோட ஆள். நான் மேலாளர்.”

“அவன் அன்னைக்கு டீமோட ஆளா வரல. தனியா வந்தான். தன் காசுல வந்தான். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டான்.”

“கால் போயிடுச்சா?”

நீல் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தான்.

“பாதமா? பாதத்துல விரிசலா? ஒல்லியா உயரமா இருக்கிறவனுக்கெல்லாம் அதுதானே வரும்?”

“கோரா.” பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தான். “ஒரு காயம் உனக்குத் தெரிஞ்சா, அவனை வாங்கறவங்களுக்கு நீ எழுதிக் குடுக்கணும். எழுதாம வித்தா லீக் உன்னை விடாது. தெரியாம வித்தா உன்மேல தப்பு இல்ல. அதனால கேக்காதே.”

“அப்ப காயம்தான்.”

“நான் அப்படிச் சொல்லல.”

“இல்லைன்னும் சொல்லல.”

“கேக்காதேன்னு சொன்னேன். உன் நல்லதுக்கு.” அவள் தோளைத் தொட்டான். கை குளிர்ந்திருந்தது. “கையெழுத்துப் போட்டுடு. இன்னைக்கோட முடிஞ்சுடும்.”

அவன் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

எவ்வளவு சுத்தமான வழி. ஒன்றும் கேட்க வேண்டாம். ஒன்றும் தெரிய வேண்டாம். ஓல்ட்ஹாம் வருவான். முதல் சுற்று இடம் வரும். அப்பா சிரிப்பார். கால் கெட்ட பையன் செயின்ட் லூயிஸில் போய் உட்காருவான். கேட்டால், எனக்குத் தெரியாது என்று சத்தியமே செய்யலாம்.

எல்லோரும் சேர்ந்து அவளுக்காக அந்த வழியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். அதுதான் உறுத்தியது.

கைமாற்று நாளில் மேலாளர் ஆட்டக்காரன் வீட்டுக்குப் போகக்கூடாது. போனால் அதற்கு ஒரே அர்த்தம். கோரா ஒன்று இருபதுக்குப் போனாள்.

ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் எல்லோரும் தூங்கும் நேரம். ஐந்தாம் மாடி. கதவைத் திறந்தது ஜோனாவின் அம்மா லோரெட்டா. கையில் ஜல்லிக் கரண்டி. உள்ளே கெளுத்தி மீன் பொரியும் வாசனை.

லோரெட்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“வீட்டுக்கே வந்து சொல்றீங்களா? மரியாதைதான். எந்த ஊரு?”

“ஒண்ணும் முடிவாகல, மிஸ் லோரெட்டா.”

“முடிவாகாமத்தான் இந்தக் குளிர்ல வந்தீங்களா? உக்காருங்க. ஸ்பகெட்டி இருக்கு, மீன் இருக்கு. வெறும் வயித்தோட யாரும் என் புள்ளையை விக்க வேண்டாம்.”

கோரா உட்கார்ந்தாள். சுவரோரம் காலணிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆறு. மேலே கயிறு.

கோரா கயிற்றைத் தொட்டாள். “கட்டி வைக்க ஆரம்பிச்சாச்சா? யார் சொன்னாங்க?”

“எதை?”

“பெட்டிங்களை.”

“அதுவா? சர்ச்சுக்கு. பதினஞ்சாம் நம்பர் கால் எந்த ஏழைக்கு இருக்குமோ, அந்த இயேசுவுக்குத்தான் தெரியும்.”

கோரா ஒரு பெட்டியைத் திறந்தாள். புதுசு. உள்ளே காகிதம்கூட எடுக்கவில்லை.

“புதுசை ஏன் குடுக்கறீங்க?”

லோரெட்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீனைப் புரட்டினாள். புரட்டிய மீனையே மறுபடி புரட்டினாள்.

“மிஸ் லோரெட்டா, அவன் கால் எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க. கெட்டுப்போச்சா?”

“கெட்டுப்போச்சா? யார் அப்படிச் சொன்னது? என் புள்ள கால்ல ஒரு கீறல் கிடையாது. கொஞ்சம் பெருசா...” நிறுத்திக்கொண்டாள்.

கோரா கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பதினைந்தாம் நம்பர். புதுசு. போட முடியாததால் கொடுக்கிறார்கள்.

“இப்ப என்ன நம்பர் போடறான்?”

பதில் வந்தது வேறு பக்கத்திலிருந்து.

“பதினேழு, மேடம்.”

படுக்கையறை வாசலில் ஜோனா. தூங்கவில்லை. குனிந்து வெளியே வந்தான். வந்தும் குனிந்தே நின்றான்.

“நிமிர்ந்து நில்லு,” என்றாள் கோரா.

அவன் அம்மாவைப் பார்த்தான்.

“நில்லுடா,” என்றாள் லோரெட்டா. “கூனிக் கூனி என் புள்ள கிழவனாயிட்டான். எனக்குப் போதும் இந்த நாடகம்.”

அவன் நிமிர்ந்தான். முதலில் முழங்கால். பிறகு இடுப்பு. கடைசியில் கழுத்து. அந்தச் சின்ன அறைக்குள் இன்னொருவன் வந்து நின்றதுபோல இருந்தது. அவன் வந்த வாசலின் மேல்சட்டம் அவன் கண் உயரத்துக்குத்தான் வந்தது.

கோரா அவனை எடுத்தபோது ஆறடி ஒன்பது அங்குலம். அணியின் புத்தகத்தில் இன்றும் அதுதான். சீசன் தொடக்கத்தில் யாரும் யாரையும் அளப்பதில்லை. ஆட்டக்காரன் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். மற்றவர்கள் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்வார்கள். குறைத்துச் சொல்லும் ஒருவன் இருப்பான் என்று யாரும் நினைக்கவில்லை.

“எவ்வளவு?”

“ஏழடி, மேடம். போன வாரம் அம்மா அளந்தாங்க.”

“லெக்சிங்டன்ல?”

“மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு நுனி இன்னும் மூடலையாம். இன்னும் ஒரு அங்குலம் வரலாம்னு டாக்டர் சொன்னாரு.”

“காயம் ஒண்ணும் இல்ல?”

“இல்ல மேடம். வளர்றேன். அவ்வளவுதான்.”

கோரா பெட்டியை மூடினாள். காயம் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். ஆற்றுக்காற்றில் நின்று நீல் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பாதமா என்று கேட்டபோது, கேட்காதே என்றான்.

“எங்கிட்ட ஏன் மறைச்சே ஜோனா?”

“ஏழடின்னு தெரிஞ்சா சென்டரா நிறுத்திடுவாங்க மேடம். கூடைக்கு அடியில முதுகைக் காட்டிக்கிட்டு இடி வாங்கணும். எனக்கு ஓடணும். பந்தைத் தட்டிக்கிட்டு வரணும். நான் ஃபார்வர்ட்.”

ஏழடி உயரம். ஆனால் மானைப்போல ஓடுகிறவன். பந்தைக் கையோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஆளைத் தாண்டுகிறவன். அப்படி ஒருவன் பத்து வருடத்துக்கு ஒருமுறை வருவான். ஓல்ட்ஹாமைப் போல நான்கு பேரைக் கொடுத்தாலும் ஈடாகாது.

ட்ராபர்ட் அதனால்தான் விலை ஏற்றினான். அவனுக்குத் தெரியும்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“அம்மாவுக்கு. டாக்டருக்கு. அப்புறம் கோச்சுக்கு.”

“ரஸ்ஸுக்கா?”

“அவர்தான் மேடம் முதல்ல கண்டுபிடிச்சாரு. லெக்சிங்டனுக்கும் அவர்தான் ஏற்பாடு பண்ணினாரு. உங்ககிட்ட சொன்னா கோப்புல ஏறும், எல்லா டீமும் படிக்கும்னாரு. கொஞ்ச நாள் பெஞ்சுல இரு, யார் கண்ணுலயும் படாதேன்னாரு.”

“அப்புறம்?”

ஜோனா தயங்கினான்.

“சொல்லிடு,” என்றாள் லோரெட்டா. “எனக்கு அந்த ஆளு இனிப்பாப் பேசினப்பவே பிடிக்கல.”

“செயின்ட் லூயிஸ்னு பேச்சு வந்தா பயப்படாதே, அடுத்த சீசன்ல அங்கயும் நான்தான் உனக்கு கோச்னு சொன்னாரு. அங்க ஃபார்வர்டாவே ஆட வைக்கிறேன்னாரு.”

அடுப்பில் எண்ணெய் இரைந்தது.

ரஸ்ஸின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. புது ஒப்பந்தம் அக்டோபரிலிருந்து அவன் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. ஆட்டங்கள் முடியட்டும், என்ன அவசரம் என்பான். சொந்த அண்ணன்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். போகிற இடத்துக்கு ஜோனாவையும் மலிவாகக் கொண்டுபோகத்தான் பதினோரு ஆட்டம் பெஞ்சில் உட்கார வைத்தான்.

“நீ போகணும்னு நினைக்கிறியா?”

“எனக்கு ஆடணும் மேடம்.”

“இங்க ஆடு. ஃபார்வர்டா.”

“நெஜமாவா?”

“எழுதித் தருவீங்களா?” என்றாள் லோரெட்டா. “இனிப்பாப் பேசறது உங்க குடும்ப வழக்கம்போல இருக்கு.”

கோரா பேனாவை எடுத்தாள். காகிதம் இல்லை. காலணிப் பெட்டியின் மூடியைக் கிழித்து அதன்மேல் எழுதினாள். ஜோனா பெட்டிஸ் ஃபார்வர்ட் இடத்தில் ஆடுவான். உயரம் எவ்வளவானாலும். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

லோரெட்டா அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரு தட்டில் மீன் வைத்தாள்.

“சாப்பிட்டுப் போங்க.”

இரண்டு மணி நாற்பத்தாறுக்கு ட்ராபர்ட் கூப்பிட்டான்.

“முடிச்சிடலாமா?”

“ஜோனாவைக் குடுக்கறதா இல்ல.”

“ரெண்டு முதல் சுற்று இடம், கோரா.”

“இல்ல.”

“மூணு.”

“நீ கேட்டுக்கிட்டே இரு. நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

அவன் குரல் தணிந்தது. “உங்க வீட்டுலயே இதுக்கு எல்லாரும் சம்மதம்னு நான் நினைச்சேன்.”

“எல்லாரும்னா யாரு யாரு?”

அவன் வைத்துவிட்டான்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டுக்கு மறுபடி கூப்பிட்டார். மூன்று மணிக்கு அறையின் டிவியில் மற்ற அணிகளின் பெயர்கள் ஓடின. ஸ்டீமர்ஸ் பெயர் வரவில்லை. கீழே உடை அறையில் யாரோ கத்தினார்கள். டெக்ஸ்டராக இருக்கும். பால் வாங்கப் போகலாம் என்று கத்துகிறான்.

கோரா படியிறங்கி ரஸ்ஸின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

அவன் நாற்காலியில் இருந்தான். டிவி அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன பண்ணிட்டடி நீ?”

“அவன் வீட்டுக்குப் போனேன். நிமிர்ந்து நிக்கச் சொன்னேன்.”

ரஸ் டிவியை அணைத்தான். பேசியபோது குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அப்பா உனக்கு நாற்காலி குடுத்தார். எனக்கு விசில் குடுத்தார். பதினஞ்சு வருஷமா நீ எடுத்துக் குடுத்த ஆளுங்களை வெச்சு ஆடறேன். அங்க ரெண்டையும் எனக்குத் தர்றாங்க. ஆளையும் நானே எடுக்கலாம்.”

“எடுக்கறதா? திருடறது. என் கையாலயே திருட வெச்ச.”

“உனக்கு ஓல்ட்ஹாம் வந்திருப்பான். அப்பாவுக்கு பிளேஆஃப் வந்திருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“கால் கெட்ட பையனைத் தள்ளிவிட்டோம்னு வாழ்நாள் முழுக்க நினைச்சிருப்பேன். அடுத்த வருஷம் ஏழடியில அவன் உன் டீமுக்கு ஆடறப்ப டிவியில பாத்திருப்பேன்.”

“கால் கெட்டதுன்னு நான் உன்கிட்ட சொல்லல.”

“இல்ல. நீ சொல்லல.”

ரஸ் மேசையைப் பார்த்தான்.

ஒப்பந்தத்தில் இருக்கும்போதே இன்னொரு அணியோடு பேரம் பேசுவது லீக்கில் பெரிய குற்றம். ஒரு போன் போட்டால் அவன் பயிற்சியாளர் வாழ்க்கை முடிந்துவிடும். அப்பாவின் பெயரும் கூடவே போகும். அது ரஸ்ஸுக்கும் தெரியும்.

“போன் போடப்போறியா?”

“இன்னைக்கு இல்ல. இன்னைக்கு ஆட்டம் இருக்கு. ஜோனா முதல் அஞ்சு பேர்ல இறங்குவான். ஃபார்வர்டா.”

“இறக்கலைன்னா?”

“ஆட்டம் முடியறதுக்குள்ள போன் போடுவேன்.”

கதவைத் திறந்தாள். ரஸ் எழுந்து நின்றான். வேறொன்றும் கையில் இல்லாதவன் கடைசியாக எடுக்கும் கல்லை எடுத்தான்.

“என் ஒருத்தன்மேல மட்டும் பாயறியே. செயின்ட் லூயிஸ்ல டாக்டர் வேலையும் காலியாகுது, தெரியுமா? நீலைக் கேட்டாங்க. டிசம்பர்லயே கேட்டாங்க.”

கோராவின் கை கதவுப்பிடியிலேயே இருந்தது.

“என்ன சொன்னான்?”

“அவன் இன்னும் மாட்டேன்னு சொல்லல.”

வெளியே வந்தாள். நடைபாதை நீளமாக, வெளிச்சமாக இருந்தது. எதிரே நீல் வந்துகொண்டிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை. கையில் டேப்புச் சுருள்கள். அவளைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினான்.

“மூணு மணி ஆயிடுச்சே,” என்றான். “கையெழுத்துப் போட்டியா?”

“இல்ல.”

அவன் முகம் மாறியது. பதினான்கு வருடத்தில் முதல் முறையாக. கொஞ்சம்தான். ஆனால் மாறியது.

“நீல், செயின்ட் லூயிஸ்ல வீடு பாத்தாச்சா?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, ரஸ்ஸின் கதவைப் பார்த்தான்.